துண்டு போட்ட நாற்காலி

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் அண்ணன் சௌக்கத் அலி அவர்களே! காலடிப்பேட்டையின் பெரியோர்களே! குடத்தைக் குழாயடியில் வரிசைக்கு வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லி, ஏழு மணிக்கும் வந்துகொண்டே இருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே! அவருக்கு முன்பாகவே வந்து, நடு நாற்காலியில் வீற்றிருக்கும் வெள்ளைத் துண்டு அவர்களே! அனைவருக்கும் இந்தக் குணசேகரனின் பணிவான வணக்கம்.

முப்பது ஆண்டு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான். மேலேயிருந்து பார்த்துப் பழகிய கண்ணால் இந்த மேடையையும் பார்க்கிறேன். இரண்டு மின்விசிறிகள். இரண்டும் யாரை நோக்கி? நாற்காலியை நோக்கி! இரண்டு மணி நேரமாக இருநூறு பேருக்கு வியர்க்கிறது. நாற்காலிக்கு மட்டும் வியர்க்கவே இல்லை. கறுத்து வரும் குழாய்த் தண்ணீரைப் பற்றிக் கேட்க வருகிறவருக்கு மேசைமேல் என்ன வைத்திருக்கிறோம்? கடையில் வாங்கிய, சீல் உடையாத தண்ணீர் பாட்டில்.

என்னம்மா, கார் சத்தமா? அது கன்டெய்னர் லாரி தாயே, பதற்றம் வேண்டாம்.

"இன்னா பேசி இன்னா ஆவப்போது நைனா? ஒண்ணியும் மாறாது!" என்று தம்பி டில்லிபாபு அங்கிருந்து குரல் கொடுக்கிறார். ஆறரை மணி வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் தம்பி.

ஆறரைக்கு என்ன நடந்தது? இதோ நிற்கிறாரே தங்கை அன்புக்கரசி, ஏழு மாதக் கர்ப்பிணி. மூத்த பிள்ளை மஞ்சள் காமாலையோடு பதினோரு நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. தெருக்குழாயில் பிடித்த தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தார். "எம்மெல்லே இத்த ஒரு தபா கண்ணால பாக்கட்டும்ண்ணா" என்றார். அதை மேசையில் வைக்க மேடையேறியவருக்குத் தலை சுற்றியது. கைக்கு எட்டிய நாற்காலியில் உட்காரப் போனார். எட்டியது, துண்டு போட்ட நாற்காலி.

தடுத்தது யார்? காவலரா? கட்சிக்காரரா? அவர்களில் ஒருவரும் இன்னும் வரவே இல்லையே! தடுத்தது நாம். "அம்மா, அது ஐயா சேரு!" என்று முதலில் கத்தியது யார்? நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சட்டமன்ற உறுப்பினருக்காகச் சாலையை மறிக்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிறோம். சலுகை, சலுகை என்று சபிக்கிறோம். அந்தத் துண்டை வாங்கியது யார்? வண்ணாரப்பேட்டையில் நான்தான் வாங்கினேன். பேரம்கூடப் பேசவில்லை.

மாறாது என்றாயே தம்பி, இங்கே பார்! மேடையோரம் நிற்கிற ஜெயவேலு, விசிறியை ஜனங்கள் பக்கம் திருப்பு. துண்டை எடு. அன்புக்கரசி, வாம்மா, உட்காரு.

"அவுரு வந்தா எங்க குந்துவாரு குணா?" என்கிறார் தலைவர் சௌக்கத் அலி. எனக்குப் பக்கத்தில் நிற்க இடம் இருக்கிறது பாய்.

மேசைமேல் இருக்கும் கடை பாட்டிலைத் திறந்து தங்கைக்குக் குடிக்கக் கொடுங்கள். அவர் கொண்டுவந்த பாட்டில் அந்த இடத்தில் இருக்கட்டும். வருகிறவர் தாகத்தோடு வருவார்.

கால் கடுக்க நின்று கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.