வலப்பக்கத்து ஓநாய்கள்

மகள்: இன்னும் ஒரே ஒரு ஆட்டம்ப்பா...

அப்பா: காலையிலேர்ந்து இதையேதான் சொல்ற! ஞாயித்துக்கிழமையாவது மனுஷனைச் சும்மா விடேன். நாளைக்கு ஏழு மணிக்கெல்லாம் ஸ்கூல் வேன் எடுக்கணும்.

மகள்: என் கம்ப்யூட்டர் கோர்ஸுக்குத்தானே கேக்குறேன்.

அப்பா: கோர்ஸ் உனக்கு, விரல் தேயிறது எனக்கா? நல்லா இருக்கு நியாயம்!

மகள்: நீங்க ஆடினாத்தான் நான் செஞ்ச கேம்ல இருக்கிற காவல்காரன் கத்துக்குவான். கோட்டை வாசலுக்கு ஓநாய் வரும், நீங்க அடிப்பீங்க. அதைப் பார்த்துப் பார்த்து அவன் தானா அடிக்கப் பழகணும். அதுதான் பாடமே.

அப்பா: இருநூறு ஆட்டம் ஆடிக் காட்டிட்டேன். இன்னுமா பழகலை? சரியான மண்டு. யாரு மாதிரின்னு நான் சொல்ல மாட்டேன்.

மகள்: இடது பக்கம் வர்றதை ஒண்ணு விடாம அடிக்கிறான்ப்பா. வலது பக்கம் வந்தா மட்டும் கம்முனு நிக்கிறான். ஓநாய் நேரா வந்து கடிச்சுட்டுப் போகுது.

அப்பா: அய்யய்யோ! இவனுக்குப் போய் யாரு காவல் வேலை குடுத்தது?

மகள்: சிரிக்காதீங்கப்பா. என் புரோகிராமை மூணு நாள் வரி வரியாப் பார்த்தேன். சாரும் உக்காந்து பார்த்தாரு. நான் எழுதினதுல தப்பே இல்லைங்கிறாரு.

அப்பா: உங்க சாரே ஒரு அரைகுறை...

மகள்: அப்பா, ஆடுங்க. ஆரம்பிச்சாச்சு.

அப்பா: சரி சரி. வரட்டும் பார்க்கலாம்... என்னம்மா, ஓநாயையே காணோம்?

மகள்: திரையையே பாருங்கப்பா.

அப்பா: பயந்துட்டுதுங்க போல. யாரு நிக்கிறது வாசல்ல! ... எவ்வளவு நேரம்தான் சும்மா நிக்கிறது? கம்ப்யூட்டர் நின்னுபோச்சா?

மகள்: ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சுப்பா.

அப்பா: அப்ப ஓநாய் எங்க?

மகள்: ஒன்பது வந்துட்டுது. ஒன்பதும் கடிச்சுட்டுப் போயிடுச்சு... எல்லாம் வலது பக்கம்.

அப்பா: சும்மா விளையாடாதடீ.

மகள்: இந்த ஆட்டத்துல வலது பக்கம் மட்டும்தான் விட்டேன்.

அப்பா: அது... உன் கம்ப்யூட்டர் கோளாறு. எனக்கு ஒண்ணுமே காட்டலை. போ, போய் டீ எடுத்துட்டு வா. அப்பவே கேட்டேன்.

மகள்: டீ வெச்சாச்சுப்பா.

அப்பா: எங்க வெச்ச?

மகள்: தலையைத் திருப்பாம, திரையை மட்டும் பார்த்துச் சொல்லுங்க. டீ எங்க இருக்கு?

அப்பா: டீயே இல்லையே!

மகள்: உங்க வலது கைக்குப் பக்கத்துலதான்ப்பா இருக்கு. ஆடை கட்டிப்போச்சு.

அப்பா: இது எப்ப வந்துச்சு?

மகள்: அப்பா... நேத்து நான் ஆடின ஆட்டத்தைப் போட்டுப் பழக்கினேன். அதே காவல்காரன், ரெண்டு பக்கமும் அடிக்கிறான். அப்ப அவன் மண்டு இல்ல. நீங்க எப்படிப் பார்க்குறீங்களோ, அப்படியே பார்க்கக் கத்துக்கிட்டான்.

அப்பா: ஏதோ பொம்மை சொல்லுதுன்னு...

மகள்: போன மாசம் வேனை எந்தப் பக்கம் உரசுனீங்க?

அப்பா: அந்தக் கேட்டு குறுகல்மா! கட்டினவனைக் கேளு.

மகள்: எந்தப் பக்கம்ப்பா?

அப்பா: ... வலது.

மகள்: கடவுளே... பதினாலு பிள்ளைங்கப்பா! இறங்கினதும் வேனைச் சுத்தி ஓடுதுங்க. எந்தப் பக்கம் நிக்கிறோம்னு அதுங்களுக்கே தெரியாது!

அப்பா: கத்தாத. அம்மா காதுல விழப்போகுது.

மகள்: விழட்டும்!

அப்பா: இங்க பாரு... இருபத்தி ரெண்டு வருஷமா ஓட்டுறேன். ஒரு பிள்ளை மேல சின்னக் கீறல் விழுந்தது கிடையாது. கழுத்தைக் கொஞ்சம் கூடுதலாத் திருப்பிக்கிட்டா போச்சு. ஸ்கூல் பரீட்சை முடிய இன்னும் பதினைஞ்சு நாள்தான். அது முடியட்டும். நானே டாக்டர்கிட்ட வரேன். சத்தியமா.

மகள்: என்னப்பா பேசுறீங்க? பதினைஞ்சு நாளா? நாளைக்குக் காலையில நீங்க சாவியைத் தொடக்கூடாது!

அப்பா: வேனை விட்டா எனக்கு வேற என்னடி தெரியும்? காலையில எழுந்து நான் எங்க போவேன்?

மகள்: தெரியலைப்பா... எனக்கும் தெரியலை.

அப்பா: அப்புறம் என்ன? வேன் முதலாளிக்கு நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன். நீ நடுவுல வராத.

மகள்: வந்துட்டேன்ப்பா.

அப்பா: என்ன?

மகள்: இன்னைக்கு ஆடினது கோர்ஸுக்கு இல்ல. எனக்கு நேத்தே தெரிஞ்சுபோச்சு. முதலாளிக்கு நேத்து சாயங்காலமே போன் பண்ணிட்டேன். நாளைக்கு வேற டிரைவர் வராரு. என்னை அடிக்கணும்னா அடிச்சுக்கோங்க... நான் சொன்னதெல்லாம் தப்பா இருக்கணும்னுதான் இன்னைக்கு மறுபடி மறுபடி ஆட வெச்சேன்ப்பா. திட்டவாவது செய்யுங்க.

அப்பா: எதுக்கும்மா திட்டணும்? நம்ம வேன்ல வர்ற சுருட்டை முடிப் பாப்பா வலப்பக்கமா ஓடிவந்து, வேன் ஆயா போட்ட கூச்சல்ல நான் பிரேக் அடிச்ச அன்னைலேர்ந்து... நாலு மாசமா, இதைச் சொல்லிடணும்னு தினமும் முதலாளி நம்பரைப் போட்டுப் போட்டு, மணி அடிக்கிறதுக்குள்ள நான்தான் கட் பண்ணிட்டிருக்கேன்.