அடியில் எழுது

விடிகாலை நாலரை மணி. இரண்டு பக்கமும் உயரமான சுவர், நடுவில் நீளமான சாலை. மூன்று விளக்குக்கு ஒன்றுதான் எரிகிறது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அந்தச் சாலையில் ஒரு ஆள் தனியாக ஸ்கூட்டரில் போகிறார்...

இது எனக்கு நடந்தது இல்லை. என் சிநேகிதனுடைய அத்தானுக்கு, அதாவது அவன் அக்காவின் கணவருக்கு நடந்தது. சிநேகிதனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். இதைச் சொன்னபோது அவன் காது வெளுத்திருந்தது. நடுவில் யாராவது எழுந்து போவதாக இருந்தால் இப்போதே போய்விட்டு வாருங்கள். தனியாகத்தான் போக வேண்டும்.

யாரும் போகவில்லையா? சரி, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அத்தானுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. புதிது புதிதாக மருந்துச் சேர்மங்கள் செய்வார். செய்ததற்கு ஒரு எண் போடுவார். பிறகு அது கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு வட்டமான கண்ணாடித் தட்டு, அதில் ஜெல்லி. ஜெல்லிமேல் கிருமியைத் தடவி, மருந்தில் நனைத்த சின்னக் காகித வில்லையை வைத்து, இன்குபேட்டர் என்கிற வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். பதினெட்டு மணி நேரம். அதற்குள் தட்டு முழுக்கக் கிருமி ஆடையாகப் படர்ந்திருக்கும். மருந்துக்குச் சக்தி இருந்தால் வில்லையைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்காமல் தெளிவாக ஒரு வட்டம் நிற்கும். முந்தின நாள் காலை பத்தரைக்கு வைத்தால் மறுநாள் விடிகாலை நாலரைக்குப் பார்க்க வேண்டும். அதனால்தான் அந்த அகால வேளைப் பயணம்.

அங்கே இரண்டு கிருமிகள் வளர்த்தார்கள். ஒன்றுக்குச் செல்லப்பெயர் 'சாது', எந்தப் பழைய மருந்துக்கும் செத்துவிடும். இன்னொன்று 'முரடன்'. பழைய மருந்தைக் கொடுத்தால் அதையே தின்று கொழுக்கிற ரகம். வளர்ந்து வரும்போது இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். தட்டின்மேல் 'சா', 'மு' என்று எழுதியிருப்பதை வைத்துத்தான் அடையாளம்.

தட்டுகளைப் பார்த்துக்கொண்டது ஒரு அம்மாள். இருபத்திரண்டு வருட சர்வீஸ். எல்லோரும் கூப்பிடுவது 'அடியக்கா'. யாரையும் அடித்ததில்லை, பாவம். புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே ஒரு பாட்டுப் பாடுவார்:

"மூடியில எழுதாதே, அடியில எழுது. மூடி இடம் மாறும், அடி மாறாது. நாலு வரி. எந்தக் கிருமி, எந்த மருந்து, என்ன தேதி, யாரு எழுதினது. நாலாவது வரிய விட்டா நான் தட்டத் தொடவே மாட்டேன், ஆமா."

அத்தானையும் அவர்தான் தம்பி தம்பி என்று தாங்கிப் பழக்கினார்.

அன்றைக்கு என்ன ஆயிற்று என்றால், நாற்பத்தொன்றாம் சேர்மம் தயாராகியிருந்தது. ஏழு மாத உழைப்பு. சாயங்காலம். அடியக்கா சாப்பிடப் போயிருந்தார். அத்தானுக்குப் பொறுக்கவில்லை. சாதுவுக்கு ஒன்று, முரடனுக்கு ஒன்று என்று தானே இரண்டு தட்டுகளை எடுத்தார், தானே கிருமியைத் தடவினார். ஜெல்லி ஈரமாக இருந்தது. காய வேண்டும் என்று மூடிகளைத் திறந்து ஓரமாக வைத்தார். பிறகு ஒவ்வொன்றிலும் நாற்பத்தொன்றில் நனைத்த வில்லை ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய மருந்து வில்லை ஒன்று வைத்தார், மூடிகளைப் போட்டார். எழுத்தை ஏற்கெனவே மூடியில் எழுதியிருந்தார். அடியைத் திருப்ப வேண்டும், மார்க்கர் பிடிக்காது, துடைக்க வேண்டும்... யாருக்கு அந்தப் பொறுமை? ஒரே ஒரு நாள்தானே.

அடியக்கா வந்து தட்டுகளை அடுக்கித் தூக்கினார். பழைய கண்ணாடித் தட்டு ஒன்றில் மயிரிழை விரிசல் இருந்திருக்கிறது. டிக்... என்று ஒரு சத்தம். இடது கை மோதிர விரலில் கண்ணாடி இறங்கிவிட்டது.

மூடியைப் பார்த்தார். 'சா'. "சாதுதான் தம்பி, பயமில்ல" என்று சிரித்தார். ஸ்பிரிட்டில் கழுவி, துணி சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மூடியில் ஏன் எழுதினாய் என்று திட்டக்கூட இல்லை. அத்தான் முகம் வாடியிருந்ததைப் பார்த்து விட்டுவிட்டார் போலிருக்கிறது.

மறுநாள் மிச்சமிருந்த தட்டை அத்தான் பார்த்தார். மூடியில் 'மு'. நாற்பத்தொன்றைச் சுற்றி அகலமாக, அழகாக ஒரு வட்டம்! "முரடன் விழுந்துட்டான் சார்!" என்று பேராசிரியரிடம் ஓடினார். அவர் அங்கிருந்தே நாலு பேருக்குப் போன் போட்டார். கைகொடுத்தார்கள், தோளைத் தட்டினார்கள். எல்லாம் முடிந்து திரும்ப வந்து தட்டைக் கையில் எடுத்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பக்கத்தில் வைத்திருந்த பழைய மருந்தைச் சுற்றியும் வட்டம் இருந்தது.

முரடன் பழைய மருந்துக்குச் சாக மாட்டானே.

அப்படியானால் இது சாது. மூடி மாறியிருக்கிறது. உடைந்த தட்டில்தான் முரடன் இருந்திருக்கிறான்... அடியக்காவின் விரலில் இறங்கியதும் அவன்தான்.

அத்தான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மேஜை போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர். அடியக்காவுக்கு இரவெல்லாம் காய்ச்சல், கை வீங்கியிருக்கிறது. "உங்க லேப்ல குத்தின கிருமி சாதாரண வகைதான்னு இந்தம்மா சொல்றாங்க. சரிதானா? அத வெச்சுத்தான் மருந்து குடுக்கணும்."

பேராசிரியர் இரண்டடி தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அத்தான் சொன்னார்: "மூடியில அப்படித்தான் எழுதியிருந்தது, டாக்டர்."

பாருங்கள், அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அரை மணியில் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அப்புறம் சாயங்காலம் என்றார். ஆஸ்பத்திரியிலேயே சோதனை செய்வார்களே, தானாகத் தெரிந்துவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். செய்தார்கள்தான். முடிவு வர இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் அடியக்காவின் மோதிர விரலை எடுத்தார்கள். நாலாம் நாள் அடியக்கா இல்லை.

விசாரணை நடந்தது. அதற்கு முன்பே அத்தான் அந்தத் தட்டையும் இரண்டு மூடிகளையும் ஆட்டோகிளேவில், அதுதான் அந்தப் பெரிய குக்கரில், போட்டு அவித்துவிட்டிருந்தார். 'ஊழியரின் கவனக்குறைவு, கிருமியின் பெயரைத் தவறாகக் கூறினார்' என்று அறிக்கையில் எழுதினார்கள். இருபத்திரண்டு வருடம் ஒரு புள்ளி பிசகாத மனுஷியைப் பற்றி.

அடியக்காவின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். அவளுடைய லேப் கோட்டும் ரப்பர் செருப்பும் வாங்கிப் போக வந்தார். செருப்பு ஒன்றுதான் கிடைத்தது. "அவ அப்படியெல்லாம் தப்புப் பண்ண மாட்டாளே சார்?" என்று அத்தானிடம் கேட்டார். அத்தான் குனிந்து இன்னொரு செருப்பைத் தேடுகிற மாதிரி மேஜைக்கடியில் வெகு நேரம் தேடினார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அத்தான் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிடுவார். அப்போது மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

இருபது நாள் கழித்துத்தான் அந்த விடிகாலை. நாற்பத்தொன்றை முரடனிடம் மறுபடியும் சோதிக்க, பன்னிரண்டு தட்டு வைத்திருந்தார். எல்லாம் புதுத் தட்டு, எல்லாவற்றிலும் அடியில் எழுத்து. பின்னே?

கதவைத் திறந்தார். ஸ்பிரிட் வாடை. அது எப்போதும் இருப்பதுதான். ஆனால் இப்போதுதான் யாரோ கை கழுவின மாதிரி, மூக்கில் ஏறுகிற வாடை. விளக்கைப் போட்டார். ஆள் இல்லை. உள்ளறையில் மட்டும்... சரக்... சரக்... என்று ஒரு சத்தம். ரப்பர் செருப்பு தரையில் இழுபடும் சத்தம். ஒற்றைச் செருப்பு. ஒரு சரக், அப்புறம் வெறுங்கால் வைக்கிற இடைவெளி. மறுபடி ஒரு சரக்.

நின்றுவிட்டது.

இன்குபேட்டரைத் திறந்தார். தட்டுகளை எண்ணினார். பதின்மூன்று.

பன்னிரண்டிலும் முரடன் வில்லை விளிம்பு வரை படர்ந்திருந்தான். நாற்பத்தொன்று ஒரு மண்ணுக்கும் உதவாது. பதின்மூன்றாவது பழைய கண்ணாடித் தட்டு. மூடியில் எழுத்து இல்லை. உள்ளே வில்லையும் இல்லை. கிருமி ஆடையாகப் படர்ந்திருந்தது... நடுவில் தெளிவாக நாலு வட்டம். விரல் நுனிகளை மெல்ல ஊன்றி எடுத்த மாதிரி. கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல். மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் முரடன் தடித்து வளர்ந்திருந்தான்.

தட்டைத் திருப்பினார். அடியில் உருட்டி உருட்டி எழுதின கையெழுத்து. அது யாருடையது என்று அவருக்குத் தெரியாதா?

மு.

41.

அன்றைய தேதி.

யாரு எழுதினது என்கிற நாலாவது வரி காலியாக இருந்தது.

தட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே நினைவில்லை. படுத்தவரை காலையில் மனைவி எழுப்பினாள். "என்னங்க இது, உள்ளங்கால்ல என்னத்தையோ எழுதி வெச்சிருக்கீங்க? வேலைய வீட்டுக்குக் கொண்டு வராதீங்கன்னா, கால்லயே கொண்டு வர்றீங்களே!"

இடது உள்ளங்கால். மூன்று வரி. அதே கையெழுத்து.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். போய்விட்டது. மறுநாள் காலை மறுபடி இருந்தது. தேதி மட்டும் அன்றைய தேதி. துடைப்பார், வரும். துடைப்பார், வரும். கால் தோல் உரிந்துபோனது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை, மனுஷன்.

பதினோராம் நாள் எழுந்து காலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அழுதேவிட்டாராம், அவ்வளவு நிம்மதி. மகளை எழுப்பப் போனார். அஞ்சு வயது. போர்வைக்கு வெளியே ஒரு சின்னக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. இடது கால்.

மு. 41. அன்றைய தேதி.

அத்தான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார், பஸ் ஓட்டுகிறவர் வீட்டுக்கு. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். மூடி, தட்டு, டாக்டர் போன், குக்கர், ஒன்று விடாமல். அந்த மனிதர் கையை ஓங்கவில்லை, கத்தவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடைசி வரைக்கும் அவ, 'நான்தான் மாத்திச் சொல்லிட்டேன் போலிருக்கு, நான்தான்'னு சொல்லிட்டே போனா சார்" என்றார். பிறகு கதவை விட்டு நிமிர்ந்து, "வாயால சொல்லி என்ன ஆகப் போகுது? அறிக்கையில அவ பேரு கெட்டுக் கெடக்கு. இத எழுத்துல குடுங்க. அடியில உங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அது போதும்."

"திங்கட்கிழமை குடுத்துடறேன்" என்றார் அத்தான்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும் இல்லையா? நீங்களும் நானும் என்றால் அன்றைக்கே எழுதியிருப்போம் என்று நினைத்துக்கொள்கிறோம். திங்கட்கிழமை வந்தது. பேராசிரியருக்கு ஓய்வு பெற ஆறு மாதம்தான், அவர் போகட்டும் என்றார். அப்புறம் பதவி உயர்வு. அப்புறம் மாற்றல். எழுதினால் வேலை போகும், குழந்தையை எப்படி வளர்ப்பது? குழந்தைக்காகத்தான் எழுதவில்லை என்றார். அதை அவரே நம்பிவிட்டார்.

நாலு வருடம் ஆகிவிட்டது. என் சிநேகிதன் போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். அக்கா மகள் இப்போது நாலாம் வகுப்பு. நல்ல வெயில் காலத்திலும் சாக்ஸ் போட்டுக்கொண்டே தூங்குகிறாள். ஏன் என்று கேட்டால் அக்கா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறாள், அத்தான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறார்.

மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அந்தப் பெண்ணே மாமன் மடியில் காலைப் போட்டு சாக்ஸைக் கழற்றிக் காட்டியிருக்கிறாள். அதே மூன்று வரி. கால் வளர்ந்திருக்கிறது, எழுத்தும் கூடவே வளர்ந்திருக்கிறது. தேதி அன்றைய தேதி. நாலாவது வரிக்கு இடம் காலியாக இருந்தது.

"தினமும் காலையில அப்பாதான் துடைச்சு விடுவாரு மாமா" என்றாளாம்.

என் சிநேகிதன் சும்மா விளையாட்டுக் காட்டுகிற மாதிரி அவள் கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து எண்ணினான். கட்டை விரலுக்குச் சிரித்தாள், இரண்டாவதுக்குச் சிரித்தாள், மூன்றாவதுக்குச் சிரித்தாள். நாலாவது விரல் ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. நகத்தடியில் லேசாகக் கறுப்பு. அதை விடாமல் அழுத்திப் பிடித்தான். அவள் சிரிக்கவில்லை, காலையும் இழுக்கவில்லை. சாவகாசமாக அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா நிறுத்திட்டீங்க?" என்றாள். "நாலாவது விரலப் பிடிங்க."