பிஸ்கட் டப்பாவில் பன்னிரண்டு தகடுகள்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் அம்மா அவர்களே, மேற்பார்வையாளர் ஐயா அவர்களே, பம்ப் அறையை நிறுத்திவிட்டு எண்ணெய்க் கையோடு வந்திருக்கும் அண்ணன்மார்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் என் அப்பாவே, எல்லோருக்கும் வணக்கம்.

எழுதி வந்ததைத்தான் படிக்கப்போகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் பிழை இருந்தால் பொறுக்க வேண்டாம், அந்த இடத்திலேயே எழுந்து சொல்லுங்கள்.

மெல்லிய படலப் பிரிவின் மூத்த ஆபரேட்டர், இருபத்தாறு ஆண்டு அந்தச் சேம்பரின் முன்னால் நின்றவர், என் அப்பாவின் அக்கா, என் அத்தை, போன செவ்வாய்க்கிழமை மதியம் ஸ்டோர் ரூம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். உங்களில் பாதிப் பேருக்கு அத்தையின் சொந்தப் பெயர் தெரியாது. ‘பொறுங்கம்மா’ என்றால்தான் தெரியும். யார் வந்து அவசரப்படுத்தினாலும் “பொறுங்க” என்பதுதானே அவருடைய முதல் பதில்!

ஏன் பொறுக்கச் சொன்னார்? அதே பிரிவில் கண்ணாடித் தகடு கழுவுகிற எனக்கே அது தெரியும். அந்தத் தகட்டின் மேல் பூசியிருப்பது நிக்கலும் அலுமினியமும் கலந்த படலம். தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிசு. காற்றை எல்லாம் உறிஞ்சிவிட்டு, சேம்பருக்குள் ஒவ்வொரு தகடாகச் சூடாக்கி, ஆக்சிஜன் விட வேண்டும். ஆக்சிஜன் மேல் நிக்கலைவிட அலுமினியத்துக்குத்தான் ஆசை அதிகம். கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் அலுமினியம் உள்ளேயிருந்து மேலே வந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒரே சீரான தோலாகப் போர்த்திக்கொள்ளும். போர்த்திவிட்டால் அப்புறம் எவ்வளவு ஆக்சிஜன் வந்தாலும் அடியில் இருப்பதைத் தொட முடியாது. ஒரேயடியாகத் திறந்துவிட்டாலோ, இரண்டு உலோகமும் முண்டியடித்துக்கொண்டு பற்றும். திட்டுத் திட்டாகப் பொருக்குத் தட்டும். பொருக்கு வெடித்த வழியாக ஆக்சிஜன் உள்ளே இறங்கிப் படலத்தையே தின்றுவிடும்.

அதனால்தான் அத்தை வால்வை ஒரு மயிரிழை திறந்துவிட்டு, கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு தகட்டுக்கு முக்கால் மணி நேரம். பம்ப் அறை அண்ணன் ஒருநாள் கேட்டார்: “ஏன் பொறுங்கம்மா, சிலிண்டர் நெறைய இருக்கே, கஞ்சத்தனம் எதுக்கு?” அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “விக்கல் எடுக்குறவன் வாயில குடத்தோட கவுப்பியாடா? போடா, போய் உன் பம்ப்ப பாரு.” அண்ணே, நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். அன்றைக்கும் சிரித்தீர்கள்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. கெட்டுப்போன தகடுகளை மற்றவர்கள் குப்பையில் போடுவார்கள். அத்தை போடமாட்டார். எண்ணும் தேதியும் எழுதி பிஸ்கட் டப்பாவில் அடுக்குவார். “நல்லது பண்ணினப்போ என்ன பண்ணினேன்னு மறந்துரும். கெட்டதுதான் ஞாபகமா சொல்லும்” என்பார். நோட்டிலும் அப்படித்தான். தான் செய்ததைத் தான் செய்ததாகவே எழுதுவார். யார் சொல்லிச் செய்தார் என்று எழுதமாட்டார்.

அந்தப் பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

பதினொரு மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை. வெளியிலிருந்து பார்வையாளர்கள் வருவதாக இருந்தது. காலையில் பன்னிரண்டு தகடுகளை உள்ளே வைத்து, கதவை மூடி, வெளிக்காற்று புகாதபடி கதவு வளையத்தை இறுக்கினார் அத்தை. நான்தான் பக்கத்தில் இடுக்கி பிடித்துக்கொண்டு நின்றேன். மதியத்துக்குள் நான்கு முடிந்தது. அப்போது சுவர் போன் அடித்தது. போனில் வந்த குரல் எனக்கே கேட்டது: “மூணு மணிக்கு வந்துருவாங்க. மிச்சம் எட்டையும் ஒரு மணி நேரத்துல முடிங்க.” அத்தை “பொறுங்க சார்” என்றார். “உங்க பொறுங்க புராணத்த அப்புறம் கேக்குறேன். வால்வத் தெறங்க!” என்றது குரல்.

திறந்தார். எட்டும் பொருக்குத் தட்டியது. நோட்டில் எழுதினார்: ‘ஐந்து முதல் பன்னிரண்டு வரை. வால்வு முழுச் சுற்று திறந்தேன். கெட்டது.’ அவ்வளவுதான். போனைப் பற்றி ஒரு வரி இல்லை.

அடுத்த வாரம் மெமோ வந்தது. கதவு வளையத்தைச் சரியாக இறுக்காததால் காற்று கசிந்தது, கசிவை மறைக்கவே வால்வைத் திறந்ததாக எழுதியிருக்கிறார், எல்லாம் ஆபரேட்டரின் அலட்சியம் என்று. சேம்பர் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இருபத்தாறு வருடம் வால்வைத் தொட்ட கையை ஸ்டோரில் கையுறை எண்ண வைத்தார்கள்! “சொல்லுங்க அத்தை, போன்ல யாருன்னு சொல்லுங்க” என்று நான் அழுதேன். “தெறந்தது என் கைதானடி” என்றார்.

இன்று இந்தக் கூட்டத்துக்கு அடித்த அறிவிப்பில் என்ன போட்டிருக்கிறீர்கள்? ‘அப்பழுக்கற்ற சேவை.’ அவருடைய கோப்பில் என்ன இருக்கிறது? ‘அலட்சியம்.’ இரண்டில் எது பொய்?

வாசலில் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “நாலு வார்த்த நல்லதா பேசிட்டு எறங்கிரு கண்ணு. அவதான் போயிட்டா, உன் வேலையும் போயிரக் கூடாது.” அப்பா, நான் நல்லதைத்தான் பேசுகிறேன். இதைவிட நல்லது என்னிடம் இல்லை.

ஸ்டோரில் இருக்கும் பழைய சாமான்களைத் திங்கட்கிழமை அள்ளிப்போடப் போவதாகச் சொன்னார்கள். நேற்று நான் போய் இந்த டப்பாவை எடுத்துவந்தேன். திருடவில்லை, கேட் காவலரிடம் காட்டிக் கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்தேன். உள்ளே அன்றைய பன்னிரண்டு தகடும் இருக்கிறது, அத்தை எழுதிய எண்களோடு; கெட்ட எட்டோடு நல்ல நான்கையும் அன்றைக்கு மட்டும் சேர்த்தே வைத்திருக்கிறார். எட்டும் நகத்தால் தொட்டால் உதிர்கிறது. ஒன்று முதல் நான்கு வரை பாருங்கள். பதினொரு மாதம் ஸ்டோர் தூசியில் கிடந்தும் முகம் பார்க்கலாம்!

இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். பன்னிரண்டும் ஒன்றாகத்தானே உள்ளே போனது? கதவை ஒரே தடவைதானே மூடினார்? வளையம் கசிந்திருந்தால், காலையில் சூடாக்கிய நான்கும் முதலில் அல்லவா கெட்டிருக்க வேண்டும்? அது மட்டுமா? மதியம் வால்வை முழுதாகத் திறந்தபோதும் இந்த நான்கும் அதே சேம்பருக்குள்தான் இருந்தன. தோல் போர்த்தியிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. காற்று கசியவில்லை ஐயா. அவசரம்தான் கசிந்தது.

மேற்பார்வையாளர் ஐயா, உட்காருங்கள். போனில் பேசியது யார் என்று நான் சொல்லவில்லை. அத்தை எழுதாத பெயரை நான் எழுதமாட்டேன். அந்தக் குரலுக்கே தெரியும்.

இயக்குநர் அம்மா, உங்களிடம் கேட்பது இரண்டுதான். இந்தப் பன்னிரண்டையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அளந்தபின் அந்த மெமோவைக் கோப்பிலிருந்து எடுங்கள். அதுவரை இந்த டப்பா எங்கள் வீட்டுக்கும் வராது, குப்பைக்கும் போகாது. நான் தகடு கழுவும் மேஜையில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்கும். வேலையை விட்டு எடுத்தால், அதைக் கேட் காவலரிடம் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டுப் போவேன். இருக்கவிட்டால், இனி அந்தப் பிரிவில் கெடுகிற ஒவ்வொரு தகட்டையும் எண் போட்டு அடுக்குவேன். நோட்டில், திறந்த கையோடு திறக்கச் சொன்ன வாயையும் சேர்த்து எழுதச் சொல்லிப் பக்கத்தில் நிற்பேன். அத்தை எழுதாமல் விட்டது அந்த ஒன்றைத்தான். அதை நாங்கள் எழுதுவோம். பம்ப் அறை அண்ணன்மார்களே, எழுதுவோம்தானே?

டப்பாவை இதோ மேடையில் வைக்கிறேன். ‘பிறகு பார்க்கலாம்’ என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்த இடத்தில் பொறுங்கள் என்று சொல்லும் உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது, அவர் போய்விட்டார்.

மூடி திறந்திருக்கிறது. எழுந்து வந்து பாருங்கள்.