அத்தைக்கு என்ன சொல்வது

எடிசன் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறியதும், எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த நடுவயதுக்காரர் மனைவியிடம் கேட்டார்.

“சாரி அத்தைன்னு ஆரம்பிக்கட்டுமா?”

“எதுக்கு சாரி? நீங்க என்ன அவங்க கால மிதிச்சிட்டீங்களா?”

மதுரையில் அவருடைய அத்தையின் கணவர் நேற்று இறந்துவிட்டார் என்பதும், அத்தையிடம் இவர் இன்னும் பேசவில்லை என்பதும் அடுத்தடுத்த பேச்சில் எனக்குப் புரிந்தன.

“இங்க ஆபீஸ்ல வெள்ளக்காரங்க எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க? சரி, ஆழ்ந்த இரங்கல்?”

“அது போஸ்டர்ல போடறது. வாயால யாராவது சொல்வாங்களா?”

“அனுதாபம்?”

“அத்தை என்ன எலெக்‌ஷன்லயா நிக்கிறாங்க?”

“சின்ன வயசுல லீவு விட்டா அவங்க வீட்லயேதான் கெடப்பேன். அவங்ககிட்ட பேச ஒரு வார்த்தை வரலன்னா எப்படி?”

“அங்க ஈவினிங் ஆயிடுச்சு. மொதல்ல கால் பண்ணுங்க.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு போன் பண்ணினார். “அத்த” என்றார். பிறகு, “ஐயோ அத்த” என்றார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, அத்தை பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தார். ரயில் இரண்டு ஸ்டேஷன்களைத் தாண்டிய பிறகுதான் போனை வைத்தார்.

மனைவி டிஷ்யூவை நீட்டினார். “என்ன சொன்னாங்க?”

“‘அழாதடா, மனசத் தேத்திக்கோ’ன்னாங்க. அத நான்ல சொல்லியிருக்கணும்.”