முப்பத்து நான்கு பேரின் சம்பளக் கார்டுகள்

வாக்குமூலம் கொடுப்பவர் பெயர்: எக்சில்டா சிஷாலா. வயது: 41. கணவர் பெயர்: பிரைட்சன் சிஷாலா. தொழில்: அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை, மூன்றாம் வகுப்பு. முகவரி: வீட்டு எண் 2207, முலோம்பே குடியிருப்பு, கிட்வே. நாள்: 27 ஜூன் 2023, செவ்வாய்க்கிழமை. நேரம்: காலை 10.40. பதிவு செய்பவர்: ஆய்வாளர் முட்டின்டா ஹமூன்டே.

நான் மேற்படி முகவரியில் என் இரண்டு மகள்களுடன் வசித்து வருகிறேன். என் கணவர் சொல்வேசி என்ற ஊரில் சுரங்க ஒப்பந்த வேலையில் இருக்கிறார். மாதம் ஒருமுறை வருவார், சில மாதம் வரமாட்டார். என் மீது லவ்னஸ் சிகவே என்பவர் நாற்பதாயிரம் க்வாச்சா பணம் இருந்த பையைத் திருடியதாகப் புகார் கொடுத்துள்ளார் என்று எனக்குச் சொல்லப்பட்டது. அது சம்பந்தமாக என்னை விசாரித்ததில் நான் சொல்வது வருமாறு.

மேற்படி லவ்னஸ் சிகவேயை, அவருடைய மூத்த மகன் கபாசோவின் பெயரை வைத்து, எங்கள் பகுதியில் எல்லோரும் பானா கபாசோ, அதாவது கபாசோவின் அம்மா, என்றுதான் அழைப்போம். அவர் வட்டிக்குப் பணம் கொடுப்பவர். நூற்றுக்கு மாதம் ஐம்பது வட்டி. கடந்த ஜனவரி 9ஆம் தேதி நான் அவரிடம் ஐந்தாயிரம் க்வாச்சா வாங்கினேன். கறிக்கோழிக் குஞ்சு நூறும் தீவனமும் வாங்குவதற்காக வாங்கினேன். ஆறு வாரத்தில் விற்றால் வட்டியும் அசலும் போகக் கொஞ்சம் கையில் நிற்கும், அடுத்த தடவை கடன் இல்லாமல் குஞ்சு இறக்கலாம், வருடக் கடைசியில் பெரிய மகளைக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று நானும் கணவரும் பேசி முடிவு செய்தோம். அதன் பிறகு ஒன்பதாம் நாள் மழையோடு மின்சாரம் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. குஞ்சுகள் குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்தியதால் நான் கரியடுப்பைக் கொட்டகைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். புகையில் எண்பத்தேழு குஞ்சுகள் செத்துவிட்டன. கதவைச் சாத்தியது நான்தான். வேறு யாரும் இல்லை.

அதன் பிறகு என்னால் ஜனவரிக் கடைசியில் பணம் கொடுக்க முடியவில்லை. பானா கபாசோ என் சம்பளக் கணக்கின் பேங்க் கார்டைக் கேட்டார். கொடுத்தேன். ரகசிய எண்ணைக் கேட்டார். சொன்னேன். அதே நாளில் என் வீட்டை அவருக்கு விற்றுவிட்டதாக எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். தேதி போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதைக் கேட்டதற்கு, "தேதிய அப்புறம் போட்டுக்கலாம் டீச்சர், நீங்க ஒழுங்கா கட்டினா அதுக்கு வேலையே இருக்காது" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். படித்தவள் ஏன் போட்டாய் என்று இங்கே கேட்கப்பட்டது. அன்று வீட்டில் சோளமாவு இல்லை. அவர் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு எனக்கு ஒரு மூட்டை மாவு கொடுத்தார்.

பிடித்தம் போக என் சம்பளம் நாலாயிரத்து நூறு. பிப்ரவரி முதல் மே வரை மாதாமாதம் அவர் அதில் இரண்டாயிரத்து ஐநூறு வட்டியாக எடுத்துக்கொண்டு மீதியை என்னிடம் கொடுத்தார். நான்கு மாதத்தில் பத்தாயிரம் கட்டினேன். அசல் ஐந்தாயிரம் அப்படியே இருக்கிறது.

மே மாதம் நான் கார்டைத் திருப்பிக் கேட்டேன், அசலைத் தவணையாகக் கட்டுகிறேன் என்று சொன்னேன். அவர் தரவில்லை. இரண்டு நாள் கழித்து நான் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பானா கபாசோ உள்ளே வந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவர் கடைசி பெஞ்சில் ஒரு சிறுமியை நகரச் சொல்லி உட்கார்ந்தார். மணி அடிக்கும்வரை, நாற்பது நிமிடம், உட்கார்ந்திருந்தார். நான் ஏழாம் வாய்ப்பாட்டில் தப்பு விட்டேன், பிள்ளைகள் திருத்தினார்கள். போகும்போது வாசலில் நின்று, "உங்க சின்னப் பொண்ணு நேத்து எங்க தெரு வழியா வந்தா. தலை கலைஞ்சு கெடந்துச்சு, உக்கார வச்சுப் பின்னி விட்டேன். காசெல்லாம் வேண்டாம் டீச்சர்" என்றார். முந்தின நாள் தலைப்பின்னலைப் பற்றி நான் கேட்டபோது என் மகள் பக்கத்து வீட்டு அக்கா பின்னியதாகச் சொல்லியிருந்தாள். அப்படிச் சொல்லும்படி பானா கபாசோ அவளிடம் சொல்லியிருந்தார். அன்று மாலை நான் அந்தப் பின்னலை அவிழ்த்தேன். அவசரமாக அவிழ்த்ததால் அவளுக்கு வலித்தது. கார்டைப் பற்றி நான் மறுபடி கேட்கவில்லை.

அதன் பிறகு ஜூன் 23ஆம் தேதி வெள்ளிக்கிழமை சம்பள நாள். சம்பள நாளில் பானா கபாசோவின் ஆள் கெர்ஷோம் என்பவர், வயது சுமார் 55, எல்லாருடைய கார்டுகளையும் ஒரு தோள்பையில் எடுத்துக்கொண்டு பேங்க் மெஷின் வரிசைக்கு வருவார். நாங்களும் வந்து நிற்க வேண்டும். அவர் எல்லார் பணத்தையும் எடுத்து முடித்த பிறகு, கழித்து, மீதியைக் கையில் கொடுப்பார். அன்று நான் அவருக்குப் பின்னால் நின்றேன். வெயில் இருந்தது. கெர்ஷோம் மூன்று பேரின் கார்டில் பணம் எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "என்ன டீச்சர், சம்பள நாள்ல எல்லாரும் சிரிப்பாங்க, நீங்க எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க" என்றார். "என் சம்பளத்துக்கு எழவுதானே அண்ணே" என்றேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதன் பிறகு அவருக்கு முகமெல்லாம் வியர்த்தது. தண்ணீர் கேட்டார். பையைக் கழற்றி, "இதக் கொஞ்சம் புடிங்க டீச்சர்" என்று என் கையில் கொடுத்துவிட்டு அப்படியே கீழே சாய்ந்தார். பையை நான் பறிக்கவில்லை. வரிசையில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

நானும் இன்னொருவரும் அவரை டாக்சியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். என் கையில் பதினைந்து க்வாச்சாதான் இருந்தது. பையில் இருந்த பணத்தில் நூறு எடுத்து டாக்சிக்குக் கொடுத்தேன். இதை ஒப்புக்கொள்கிறேன். சர்க்கரை இறங்கிவிட்டது என்று சொல்லி அவரை வார்டில் சேர்த்தார்கள். உடன் வந்தவர் போய்விட்டார். நான் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பானா கபாசோ போன் செய்தார். கெர்ஷோம் எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்கவில்லை. "பை எங்க?" என்றார். நான் போனை அணைத்தேன்.

அதன் பிறகு பையைத் திறந்தேன். மூன்று ரசீதுகளும் அதற்கான ரொக்கமும் இருந்தன. ஒரு டிபன் டப்பாவில் முப்பத்து நான்கு கார்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டி அதன்மேல் ரகசிய எண் பேனாவால் எழுதியிருந்தது. என்னுடைய கார்டும் இருந்தது. எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியருடையதும் இருந்தது. அவர் மார்ச் மாதம்தான் கடன் வாங்கும் ஆசிரியர்கள் பள்ளியின் மானத்தை வாங்குகிறார்கள் என்று எங்களை நிற்க வைத்துப் பேசினார்.

நான் என்ன நினைத்து அடுத்த காரியத்தைச் செய்தேன் என்று கேட்கப்பட்டது. பையைக் கொண்டுபோய் பானா கபாசோவிடம் கொடுத்துவிடத்தான் எழுந்தேன். அவர் தெருமுனை வரை போனேன். அங்கேயே நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு கடைக்காரரிடம் கேட்டு அவர் கழிப்பறைக்குப் போனேன். வெளியே வந்தபோது அந்தக் கடைக்காரர் என் கையில் இருந்த பையை அடையாளம் கண்டுகொண்டார். "அம்மா, என் பொண்டாட்டி நர்ஸ். அவ கார்டும் அதுலதான் இருக்கு" என்றார். பெயரைக் கேட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் பிளாஸ்திரியை நகத்தால் உரித்துப் போட்டுவிட்டு, கார்டைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அதன் பிறகு நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கார்டுகளை உரியவர்களிடம் கொடுத்தேன். மாதாமாதம் ஒரே வரிசையில் நின்றவர்கள் என்பதால் ஒருவரைக் கேட்டால் இன்னொருவர் வீடு தெரிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் போகும்போது பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே போனேன். தலைமை ஆசிரியர் தம் மனைவிக்கு எதிரில், "இது என்னது இல்லையே டீச்சர், பேரு ஒண்ணா இருக்கும்போல" என்றார். நான் கேட்டைத் தாண்டியதும் செருப்பில்லாமல் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். அவர் பெயரை இங்கே கேட்டார்கள். சொல்ல விருப்பமில்லை. மெல்பா என்கிற இன்னொரு செவிலியர் வாங்க மறுத்துவிட்டார். "இத இப்ப வாங்கிட்டா அடுத்த டெர்ம் ஃபீஸுக்கு நான் யாருகிட்டப் போய் நிக்கறது? பேங்க் குடுக்குமா? நீங்க குடுப்பீங்களா?" என்று கேட்டார். கார்டைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன். நான் வந்ததைப் பானா கபாசோவிடம் சொன்னது அவர்தான் என்று நினைக்கிறேன். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சர்ச் பெண்கள் சங்கச் சீருடையிலேயே பானா கபாசோ என் வீட்டுக்கு வந்தார். நாங்கள் சோளக்களி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் கை கழுவிவிட்டு எங்களோடு உட்கார்ந்து என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார். கீரை நன்றாக இருக்கிறது என்றார். அதன் பிறகு எழுந்து ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். என் பெரிய மகளிடம், "உன் கட்டில் ஜன்னல் பக்கம் இருக்கு, நல்லது. என் தங்கச்சி மகனுக்குக் காத்து வேணும்" என்றார். என்னிடம், "நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள முப்பத்து நாலும் வந்துடணும். இல்லன்னா அந்தத் தாள்ல தேதி போட்டுடுவேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அவர் போன பிறகு என் சின்ன மகள் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள்.

திங்கட்கிழமை நான் பள்ளிக்குப் போகவில்லை. பிள்ளைகளை என் தங்கை வீட்டில் விட்டேன். போனில் கணவரிடம் சொன்னேன். பையைக் கொடுத்துவிடு என்றார். பையில் இப்போது இரண்டு கார்டுகள்தான் இருக்கின்றன என்றேன். அதற்கு அவர், "அப்ப போலீசுக்குப் போ. நான் பஸ் ஏறுறேன்" என்றார். இன்று காலை 8 மணிக்கு நானாகவே இந்த நிலையத்துக்கு வந்தேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை. நான் வந்தபோது பானா கபாசோ உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு பானம் குடித்துக்கொண்டிருந்தார். அவர் நேற்றே புகார் கொடுத்திருந்தார். பணியில் இருந்த காவலர் ஒருவர் என் முழங்கையைப் பிடித்து, "திருடிட்டு தானா வந்து நிக்குது பாரு" என்று சொல்லி உள்ளே தள்ளினார்.

ஆய்வாளர் முன்னிலையில் பையை மேஜைமேல் கொட்டினேன். ரொக்கம் ஏழாயிரத்து எழுநூறு. ரசீதுகளின்படி ஏழாயிரத்து எண்ணூறு. குறைவது டாக்சிக்குக் கொடுத்த நூறு. அதில் எவ்வளவு அவருக்குச் சேர வேண்டியது, எவ்வளவு கார்டுக்காரர்களுக்குச் சேர வேண்டியது என்று எனக்குத் தெரியாததால் நான் தொடவில்லை. நாற்பதாயிரம் அதில் ஒருபோதும் இருந்ததில்லை. இரண்டு கார்டுகளில் ஒன்று மெல்பாவுடையது. மற்றதன் சொந்தக்காரரை வரிசையில் யாருக்கும் தெரியவில்லை. ஆய்வாளர் அந்தப் பெயரை வாசித்துவிட்டு, என்னைத் தள்ளிக்கொண்டு வந்த காவலரின் சட்டையில் இருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தார். "இது உன்னோடதா?" என்று கேட்டார். அவர் விறைப்பாக நின்று, "ஆமா மேடம்" என்றார். "எவ்வளவு நாளா?" என்றதற்கு, "ஒரு வருஷமா மேடம். பையனுக்கு ஆபரேஷன்" என்றார். எனக்கு அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அதன் பிறகு ஆய்வாளர் பானா கபாசோவிடம், "இத்தனை பேர் கார்டு உங்ககிட்ட எப்படி வந்துச்சு அம்மா?" என்று கேட்டார். அவர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் வீட்டில் வேலை இருப்பதாகவும் சொல்லி எழுந்தார். ஆய்வாளர் அவரை உட்காரச் சொன்னார். இதைப் பதிவு செய்யும் நேரத்தில் அவர் அடுத்த அறையில் இருக்கிறார்.

நான் வாங்கிய கடனை மறுக்கவில்லை. அசல் ஐந்தாயிரத்தை மாதம் ஐநூறாகக் கட்டத் தயாராக இருக்கிறேன். என் வீட்டை நான் விற்கவில்லை. தேதி போடாத அந்தத் தாள் இன்னும் அவரிடம் இருக்கிறது, அதை எடுத்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் சின்ன மகள் பள்ளிக்குப் போக அவர் தெருவைத் தவிர வேறு வழி இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

எழுதியதை ஆய்வாளர் எனக்குத் தெரிந்த பெம்பா மொழியில் வாசித்துக் காட்டினார். அதில், இப்போது எனக்குப் பயம் எதுவும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. வாக்குமூலத்தில் வழக்கமாக எழுதுவதுதான் என்றார்கள். அதை அடித்துவிடச் சொன்னேன், அடித்தார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தோடுதான் இதைச் சொல்கிறேன், யாரும் சொல்லச் சொல்லிச் சொல்லவில்லை. இதில் உள்ளது அத்தனையும் நடந்தது, நடக்காதது ஒன்றும் இதில் இல்லை.

(ஒப்பம்) எக்சில்டா சிஷாலா

என் முன்னிலையில்: ஆய்வாளர் மு. ஹமூன்டே. ஒரு வரி அடித்தது வாக்குமூலம் கொடுத்தவரின் விருப்பப்படி.