ஒன்பதரை மணிக் கட்டம்

அன்று காலை ஓடைக்கரையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், என் தங்கை புருஷன், மேலே சாலையில் ஜீப்போடு டிரைவர். மூன்று பேருமே டீ குடித்திருக்கவில்லை. அந்த மழையில் அடுப்பு பற்றவில்லை.

மலையுச்சிப் புல்வெளி வறண்டுகொண்டே போகிறது. அதனால் ஓடைக்கு என்ன ஆகிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. பத்தொன்பது வருடமாகக் கால் மணிக்கொரு தடவை நீர்மட்டம் பதிவாகிறது. ஒரு கட்டம்கூடக் காலியில்லை. வறட்சிக்கு எண்கள் கொட்டிக் கிடந்தன. பெருவெள்ளத்துக்கு ஒன்றுமில்லை. அது வந்த அன்று பார்த்துக் கருவி செத்துப்போனது.

கருவி செத்தால் ஆள் பார்த்து எழுத வேண்டும். கரையில் ஒற்றை அறை இருக்கிறது. அதன் கம்பி ஜன்னலில் நின்றால் ஓடையில் நட்ட அளவுகோல் தெரியும். எனக்குத் தூரப் பார்வை போதாது. மாப்பிள்ளைக்குக் கூர்மையான கண்.

"மச்சான், தண்ணி வாசப்படியத் தொட்டுடுச்சு. கிளம்பலாம்."

"இன்னும் மூணு அளவு, மாப்ளே. உச்சம் தாண்டட்டும்."

"அதுக்குள்ள என் கதை முடிஞ்சிடும். உங்க தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் பேனாவை மூடிவிட்டான்.

நான் மட்டும் மேலே ஏறினேன்.

"அவரு வரலையா சார்?" என்றார் டிரைவர்.

"வேலை இருக்கு."

பொய்யில்லை. ஒன்பது, ஒன்பதேகால், ஒன்பதரை, மூன்று அளவையும் எழுதியிருந்தான். ஒன்பதேமுக்காலுக்கு டிரைவர் கத்திக்கொண்டு இறங்கி ஓடினார். பாதியிலேயே பாதை தண்ணீருக்குள் போயிருந்தது. அறையின் கூரை மறைந்திருந்தது. கூரையின் உயரம் எனக்குத் தெரியும் என்பதால், அந்தக் கட்டத்தை நானே நிரப்பினேன்.

மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்ததும் முதலில் இறங்கிப் போனவன் நான்தான். நோட்டைத் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தான். பொறுப்பான ஆள். ஒன்பதரைக் கட்டத்தில் மட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் 'மச்சான்' என்று எழுதியிருந்தது. அதை அழித்துவிட்டேன். குறிப்பு எழுதுவதற்கு வேறு பத்தி இருக்கிறது.

"கடைசி வரைக்கும் வேலையப் பாத்தாருன்னு சொல்றாங்களே, நெஜமாண்ணா?" என்று தங்கை கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது.

முக்கால் மணி நேரம் இருந்தும் ஏன் அவன் ஓடிவரவில்லை என்று நீங்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அன்று காற்று பேய்த்தனமாக அடித்தது. கதவு திறந்துகொண்டால் சாரலில் எழுத முடியாது. அதனால்தான் வெளியே வந்ததும் கதவைச் சாத்திப் பூட்டினேன். ஒருமுறை இழுத்தும் பார்த்தேன்.