தவிசாளரின் ஒழுங்கை

சாவகச்சேரியிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். செத்தவீட்டுக்குப் போய்த் திரும்புகிறார்கள்.

"பிரதேச சபைத் தவிசாளரா இருந்தவர். அவரின்ரை சவப்பெட்டியைக் கொண்டுபோக ஒழுங்கை அகலம் காணேல்லை," என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

நான் போனைப் பைக்குள் வைத்தேன்.

"ஊரெல்லாம் றோட்டுப் போட்ட மனுசனல்லோ?" என்றார் மற்றவர்.

"ஓம். வீடு வீடாப் போய், வேலியை ரெண்டடி பின்னுக்கு எடுங்கோ எண்டு கேட்டு, எல்லா ஒழுங்கையையும் அகலமாக்கினவர். தன்ரை ஒழுங்கை மட்டும் அப்பிடியே கிடந்தது. அதிலை தம்பியின்ரை வேலி. ரெண்டுபேரும் கனகாலமாக் கதைக்கிறேல்லை."

"பிறகு பெட்டி எப்பிடிப் போனது?"

"தம்பிதான் கத்தியோட வந்து வேலியை வெட்டிவிட்டவர். அழுதழுது வெட்டினவர்."

பஸ் கைதடியைத் தாண்டும்போது மற்றவர் கேட்டார்.

"உதை அந்தாள் உயிரோட இருக்கேக்கையே செய்திருக்கலாமே."

"நானும் தம்பியிட்டை அதைத்தான் கேட்டனான். எல்லாரின்ரை வேலிப் படலையிலையும் வந்து நிண்டு கேட்ட அண்ணை, என்ரை படலைக்கு மட்டும் வரேல்லையக்கா எண்டார்."